நாலு மூலைச் சத்தம்: பழைய ஜப்பானிய குவாட்ராபோனிக் டீகோடர்கள் பற்றிக் கேள்வி பதில்

யோகோஹாமாவில் வேலை. சனிக்கிழமையானால் பழைய ஆடியோ சாமான் விற்கும் கடைகளில் தவம். எழுபதுகளில் ஜப்பானில் செய்த நாலு சேனல் டீகோடர்கள், அதாவது இசைத்தட்டின் ஒலியை நாலு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகள், வீட்டில் சேர்ந்துகொண்டே போகின்றன (எத்தனை என்று வீட்டம்மாவிடம் கேட்காதீர்கள்). அவை பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சென்னை வாசகர்: சார், குவாட்ராபோனிக் என்பது இன்றைய 5.1 மாதிரிதானா? எஸ்கியூ, கியூஎஸ், சிடி-4 என்று மூன்று பெயர் வருகிறதே, எது எது?

5.1-க்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் கிடையாது. அறையின் நாலு மூலையிலும் சமமான நாலு ஸ்பீக்கர், அவ்வளவுதான். சிக்கல் இசைத்தட்டில் இருந்தது. அதன் பள்ளத்துக்குச் சுவர் இரண்டே இரண்டு. நாலு சேனலை அதில் எப்படி அடைப்பது?

எஸ்கியூ முறையை அமெரிக்காவின் சிபிஎஸ் 1971-ல் கொண்டுவந்தது. சிபிஎஸ்ஸும் சோனியும் 1968-லேயே டோக்கியோவில் கூட்டு நிறுவனம் தொடங்கியிருந்ததால், ஜப்பானில் சோனி இந்த முறையை எடுத்துக்கொண்டது. கியூஎஸ் சான்சுய் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. இரண்டுமே பின் சேனல்களின் கட்டத்தை (ஆங்கிலத்தில் ஃபேஸ், ஒலியலை ஏறி இறங்கும் நேரம்) 90 பாகை திருப்பி முன் சேனல்களோடு கலந்து இரண்டாக்கிவிடும். கலந்த காபியில் இருந்து பாலைத் தனியாக எடுப்பது போன்ற வேலை டீகோடருக்கு. முழுதாக எடுக்க முடியாது என்பதால், இந்த நொடியில் எந்தப் பக்கம் சத்தம் ஓங்குகிறது என்று கவனித்து, மற்ற மூலைகளில் கசிவதை அடக்கும். இதைச் சோனி 'லாஜிக்' என்றது, சான்சுய் 'வேரியோமேட்ரிக்ஸ்' என்றது.

ஜேவிசி செய்த சிடி-4 வேறு ஜாதி. காதுக்குக் கேட்கும் பகுதியில் முன்னும் பின்னும் கூட்டிய ஒலி இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஏறிக்கொண்டு அதே பள்ளத்தில் போகும். கூட்டினால் முன் சேனல், கழித்தால் பின் சேனல். இந்த வேலையைச் செய்யும் பெட்டிக்கு டீமாடுலேட்டர் என்று பெயர். எஃப்எம் ஸ்டீரியோவிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

கோவை வாசகர்: அண்ணா, ஜப்பானில் இருந்து ஒரு டீகோடர் வரவழைத்தேன். கடையில் 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் தருகிறார்கள். போதுமா?

வேண்டாம் தம்பி. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் நம் ஊர் மின்சாரம் 250-ஐத் தொடும் நேரம் 120 வோல்ட் வெளியே வரும். ஐம்பது வயதுப் பெட்டிக்கு இருபது சதவீதம் கூடுதல் அழுத்தம் நல்லதல்ல. 100 வோல்ட் என்றே கேட்டு, சுற்று தனித்தனியாக இருக்கும் வகையாக வாங்குங்கள். ஒரே சுற்றில் வேலை செய்யும் மலிவு வகை மின்சாரத்தைப் பிரித்து வைக்காது. டீகோடர் தின்பது சில பத்து வாட்தான், 100 விஏ தாராளம். அப்புறம், பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் செருகி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஏற்றுமதிக்குச் செய்தவற்றில் இருந்தால் டிரான்ஸ்பார்மர் செலவே மிச்சம்.

50 ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 என்று ஜப்பானே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. உள்ளூர்ப் பெட்டிகள் இரண்டுக்கும் பழகியவை.

ஒசாகா வாசகர்: ஹார்டு ஆஃப் (பழைய சாமான் விற்கும் ஜப்பானியக் கடைத்தொடர்) கடைக்குப் போனால் எதை முதலில் வாங்கலாம்? 'ஜங்க்' என்று சீட்டு ஒட்டியதைத் தொடலாமா?

தாராளமாகத் தொடலாம். ஜங்க் சீட்டு என்றால் கெட்டுப்போனது என்று பொருளில்லை, கடை பொறுப்பேற்காது என்றுதான் பொருள். 'மின்சாரம் வருவது மட்டும் பார்த்தோம்' என்று எழுதியிருந்தால் விளக்கு எரிகிறது, மற்றது உன் பாடு என்று படித்துக்கொள்ளுங்கள். பல கிளைகளில் சோதித்துப் பார்க்க மின் இணைப்பு வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

எதை வாங்குவது? என் கட்சி சான்சுய். கியூஎஸ்டி-1 கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம், விலை கையைச் சுடும். அது ஒலியை மூன்று அலைவரிசைகளாகப் பிரித்துத் தனித்தனியாக அலசுவதால், மிருதங்கம் அதிர்ந்தாலும் பின்னால் இருக்கும் வயலின் இடம் மாறாது. அது கிடைக்காவிட்டால், பலகையில் வேரியோமேட்ரிக்ஸ் என்று எழுதிய எந்தச் சான்சுய் பெட்டியும் சரி. அந்த எழுத்து இல்லாத ஆரம்பகால மாடல்களில் பிரிப்பு மந்தம். எஸ்கியூ தட்டுகள் உங்களிடம் நிறைய இருந்தால் மட்டும் சோனி எஸ்கியூடி-2020 தேடுங்கள். முதல் பெட்டியாகச் சிடி-4 வாங்காதீர்கள். ஏன் என்று கீழே யாழ்ப்பாணத்துக்காரர் கேள்வியில் புரியும்.

சிங்கப்பூர் வாசகர்: மலிவாக ஒரு எஸ்கியூ டீகோடர் கிடைத்தது. பழைய மோனோ பாடல் போட்டால் நாலு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் பாடுகிறது. பழுதா?

பழுது இல்லை, பெட்டியின் பிறவிக் குணம். லாஜிக் இல்லாத எஸ்கியூவில் முன் இடம், முன் வலம் இரண்டும் சுத்தமாகப் பிரியும். ஆனால் நடுவில் நிற்கும் பாடகர் முன்னும் பின்னும் ஒரே அளவில் வருவார். மோனோ பாடலில் எல்லாமே நடுவில்தானே? நானும் இதே போன்ற ஒன்றை 'ரிப்பேர்' செய்கிறேன் என்று இரண்டு ஞாயிறுகளைத் தொலைத்தவன்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க நாலு சேனல் தட்டே தேவையில்லை. கணினியில் ஒரு மோனோ கோப்பை எடுத்து, ஒரு சேனலை மட்டும் தலைகீழாக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒரு சொடுக்குதான். லாஜிக்கோ வேரியோமேட்ரிக்ஸோ உள்ள பெட்டியில் சாதாரண மோனோ முன்னாலும், தலைகீழாக்கியது பின்னாலும் வர வேண்டும். எஸ்கியூ, கியூஎஸ் இரண்டுக்கும் பொருந்தும். ஒரு மூலை மட்டும் மங்கினால் அந்தச் சேனலில்தான் கோளாறு.

யாழ்ப்பாண வாசகர்: அண்ணை, என்னட்டை ஒரு சிடி-4 டீமாடுலேட்டர் இருக்கு. விளக்கு எரியுது, ஆனால் பின் ஸ்பீக்கரிலை பொரிக்கிற மாதிரிச் சத்தம். என்ன செய்யலாம்?

பெட்டியைத் திறக்க முதல் ஊசியைப் பாருங்கோ. 30 கிலோஹெர்ட்ஸையும் அதன் இருபுறத்தையும், ஏறக்குறைய 45 வரை, அந்த ஊசி படிக்க வேண்டும். உருண்டை முனை ஊசிக்கு அது எட்டாது, கூடவே அந்த நுண்ணிய அலைகளைத் தேய்த்தும் விடும். இதற்காகவே ஜேவிசியின் நோரியோ ஷிபாதா ஒரு முனை வடிவத்தைச் செய்தார். இன்றும் அவர் பெயரில்தான் விற்கிறது. குவாட்ராபோனிக் போய்விட்டது, ஊசி மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்தது வயர். டர்ன்டேபிளில் இருந்து வரும் வயரின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். சாதாரண வயர் அதைவிடக் கூடி, மேல் அலைகளை விழுங்கிவிடும். நான் நீளத்தைக் குறைத்துப் புது வயர் போட்டதும் பொரிச்சல் பாதி நின்றது. மிச்சம் தட்டின் தேய்மானம். முந்தைய சொந்தக்காரர் மோசமான ஊசியில் நூறு முறை ஓட்டியிருந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தட்டைக் கழுவிவிட்டு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கோ.

மூவிங் காயில் வகை கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) நன்றாகவே எடுபடும். ஆடியோ-டெக்னிகாவின் ஓசி9எக்ஸ்எஸ்ஹெச் ஷிபாதா முனையோடு வருகிறது. ஆனால் அதன் சமிக்ஞை சிறியது, டீமாடுலேட்டருக்கு முன்னால் அதைப் பெரிதாக்கும் ஒரு ஸ்டெப்-அப் போட வேண்டும். எல்லாம் சரியான பிறகுதான், முன்னையும் பின்னையும் பிரிப்பதைச் சரிசெய்யும் செபரேஷன் திருகைத் தொட வேண்டும். முன் சேனல் மட்டும் பதிந்த சோதனைத் தட்டை ஓடவிட்டு, பின் ஸ்பீக்கரில் ஒலி எந்த இடத்தில் மிகக் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கோ. மனம் வெறுத்தால், 2 சேனல் நிலையில் வைத்து நல்ல ஃபோனோ ப்ரீஆம்ப்பாக (டர்ன்டேபிளின் சிறு சமிக்ஞையைப் பெரிதாக்கும் பெட்டியாக) பயன்படுத்தலாம். என் டெக்னிக்ஸ் எஸ்ஹெச்-400 இப்போது அந்த வேலையைத்தான் பார்க்கிறது.

டொராண்டோ வாசகர்: நாலு சேனல் தட்டே இல்லாதவனுக்கு இந்தப் பெட்டியால் என்ன பயன்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என் சான்சுய் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி சாதாரண ஸ்டீரியோ பாட்டுக்குத்தான். ஸ்டீரியோப் பதிவில் கட்டம் மாறிக் கிடக்கும் ஒலிகள், அதாவது அரங்கின் எதிரொலி, கைதட்டல், கோரஸின் விரிவு, எல்லாவற்றையும் டீகோடர் பொறுக்கிப் பின்னால் அனுப்பும். நேரடிக் கச்சேரிப் பதிவு போட்டால் சபா பின்னால் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய டால்பி சரவுண்ட் படங்களுக்கும் பொருந்தும். டால்பி தன் திரையரங்கு ஸ்டீரியோவை உருவாக்கிய ஆரம்பத்தில் சான்சுயின் முறையைத்தான் உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது. அதனால் கியூஎஸ் நிலையில் அந்தக் காலத்து வீடியோ நாடாவின் சரவுண்ட் ஒழுங்காகவே பிரியும். இணைப்பு எளிது: டிவியின் ஸ்டீரியோ வெளியீட்டை டீகோடருக்குள் விட்டு, அதன் நாலு வெளியீட்டையும் பலசேனல் அனலாக் உள்ளீடு உள்ள ஏவி ரிசீவரில் செருகிவிடுங்கள்.

மதுரை வாசகர்: வாங்கியதும் எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடலாமா?

மொத்தமாகப் பிடுங்காதீர்கள். முதலில் மூடியைக் கழற்றி மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். பெரிய கெப்பாசிட்டர்களின் காலடியில் பலகையோடு ஒட்ட அந்தக் காலத்தில் ஒரு பசை போட்டிருப்பார்கள். புதிதில் வெளிர் மஞ்சள், இப்போது பழைய வெல்லப்பாகு நிறம். பழுப்பேறிய பசை மின்சாரத்தைக் கசியவிடும், பக்கத்து டயோடின் காலையும் அரித்துவிடும். ஒரு பெட்டியில் நான் விரலால் தொட்டதும் ஒரு ரெசிஸ்டர் கால் உதிர்ந்து விழுந்தது. அந்தப் பசையைச் சுரண்டுவதுதான் முதல் வேலை.

அடுத்து மின்வழங்கிப் பகுதியின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள். பிறகு ஸ்விட்சுகளுக்குக் காண்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது முறை தள்ளுங்கள். பாதி 'பழுது' இங்கேயே தீரும். இரைச்சல் மிச்சம் இருந்தால் 2எஸ்சி458 டிரான்சிஸ்டரைச் சந்தேகிக்கலாம், கால்கள் கறுத்திருந்தால் நிச்சயம் மாற்றுங்கள். கட்டம் திருப்பும் பகுதியில் உள்ள ஃபிலிம் கெப்பாசிட்டர்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றின் மதிப்பு ஜோடி ஜோடியாகப் பொருந்தியிருக்கும். கண்டதைப் போட்டால் மூலைகள் குழம்பிவிடும்.

திருச்சி வாசகர்: பெட்டி எதுவும் வாங்காமல் இந்தச் சத்தத்தைச் சும்மா கேட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு. அமெரிக்க ஆடியோ பொறியாளர் டேவிட் ஹாஃப்லர் பரப்பிய பழைய வயர் தந்திரம். முன் ஸ்பீக்கர்கள் வழக்கம்போல் இருக்கட்டும். இன்னொரு ஸ்பீக்கரை எடுத்து, அதன் இரண்டு வயரையும் ஆம்ப்பின் இடது பிளஸ், வலது பிளஸ் முனைகளில் மட்டும் கட்டி உங்களுக்குப் பின்னால் வையுங்கள். மைனஸ் முனைகளைத் தொட வேண்டாம். அந்த ஸ்பீக்கரில் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும். ஒன்று மட்டும்: மைனஸ் முனைகள் பொதுத் தரையில் இருக்கும் பழைய வகை ஆம்ப்பில்தான் இதைச் செய்ய வேண்டும். கையடக்கக் கிளாஸ்-டி ஆம்ப்புகள் பலவற்றில் அப்படி இருக்காது, அவற்றில் கட்டினால் ஆம்ப்புக்கே ஆபத்து.