பதில்: சேனைக்கிழங்குத் தண்டு அடியில் அழுகிச் சாய்கிறது (பாலக்கோடு)

வணக்கம். நான்காம் மாதத்தில் இலை மஞ்சளாகி, தண்டு மண்மட்டத்தில் மெத்தென்று சாய்கிறது, அடியில் வெள்ளை நூலும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரிகின்றன என்கிறீர்கள். அந்த உருண்டைகளே போதும், இது ஸ்கிளிரோசியம் பூஞ்சையின் கழுத்தழுகல். அறுவடை நெருங்கும்போது இலை தானாக மஞ்சளாவதுதான் இது என்று விட்டுவிடாதீர்கள், அதற்கு எட்டு மாதமாவது ஆக வேண்டும்.

சாய்ந்த செடியைக் கிழங்கோடும் சுற்றுமண்ணோடும் அள்ளி எரித்துவிடுங்கள். வரப்பில் போட்டால் உருண்டைகள் பாசனத்தில் பரவும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். பக்கத்துச் செடிகளின் தண்டடியில் லிட்டருக்கு 2 கிராம் கேப்டான் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து, மண் நனைய ஊற்றுங்கள். கடையில் கார்பன்டாசிம் என்ற வேறொரு பூஞ்சைக்கொல்லியைத் தருவார்கள். இந்தப் பூஞ்சையிடம் அது பெரிதாக எடுபடாது.

தண்ணீர் தேங்குவதும், களை கொத்தும்போது தண்டில் படும் காயமும்தான் இதற்கு வாசல். வடிகால் எடுங்கள், தண்டோரம் கையால் களை பறியுங்கள், மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

முன்பு அங்கே தக்காளியோ நிலக்கடலையோ இருந்ததா? இரண்டிலும் இதே பூஞ்சை வளரும், கேழ்வரகிலும் வரும். அடுத்து மக்காச்சோளம் போடுங்கள். இந்த வயல் கிழங்கை விதைக்கு எடுக்கவே வேண்டாம். வெளியில் வாங்கும் விதைக்கிழங்கை, கிழங்கு கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்த சாணிக்கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி நடுங்கள்.