இந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது?

கேள்வி: துளசி, புதினா, கற்பூரவல்லி, சங்குப்பூ எல்லாவற்றையும் மொட்டைமாடியில் ஒரே தொட்டியில் வளர்க்க ஆசை. பழைய சாமான் கடையில் 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து விற்கிறார்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருப்பதால் சாப்பிடும் பொருளுக்கு ஏற்றது என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே அந்த 2 சொல்கிறது. சமையல் எண்ணெய் வரும் கேன்கள் பலவும், ஆசிட் வரும் கேன்கள் பலவும் இதே பிளாஸ்டிக்தான். இதில் முன்பு என்ன இருந்தது என்றுதான் நீங்கள் கேட்க வேண்டும். அதற்கான பதிலும் கடைக்காரர் வாயிலிருந்து வந்தால் போதாது, டிரம்மின் மேலேயே இருக்க வேண்டும். ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்த தடம் மட்டும் தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். கழுவிவிட்டேன், வாடை போய்விட்டது என்பார்கள். வாடை போனாலும் ரசாயனம் பிளாஸ்டிக்குக்குள் ஊறி நிற்கக்கூடும். நீங்கள் அதில் வளர்க்கப்போவது பச்சையாகவே கிள்ளி வாயில் போடும் இலை!

பூச்சிமருந்துக் கேன்களில் சாய்சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கில் ஒரு நிறத்தில் இருக்கும். பச்சையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்த நான்கில் நச்சு குறைந்தது என்பதுதான் அதற்குப் பொருள்.

டிரம்தான் வேண்டும் என்றால், முன்பு என்ன இருந்தது என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் அது பொய்யென்று தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யும்போது கையில் ஆதாரம் இருக்கும். எழுதித் தரத் தயங்குகிறாரா? அதுவே உங்களுக்குப் பதில்.

என்னைக் கேட்டால் முறுக்கு, மிக்சர் போடும் கடைகளில் காலியாகும் எண்ணெய் டின்னைத்தான் சொல்வேன். உள்ளே என்ன இருந்தது என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். மேல்தகட்டை வெட்டியதும் விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கமாக மடித்துத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். அடியில் ஆணியால் பத்துத் துளைகள் போடுங்கள். வெயிலில் தகரம் சுடும் என்பதால் வெளிப்பக்கம் ஈரச் சாக்கைச் சுற்றுவது நல்லது. சில மழைக்காலங்களில் துருப்பிடித்துவிடும், அப்போது வேறு டின் வாங்கிக்கொள்ளலாம். மாடிக்குப் பாரமும் குறைவு. பாதி டிரம் நிறைய ஈரமண் என்றால் 150 கிலோவைத் தாண்டிவிடும்.

எல்லாவற்றையும் ஒன்றாக நடுவதில் ஒரு சிக்கல் உண்டு. புதினா ஈரம் கேட்கும், வேரோடி மற்றச் செடிகளை நெருக்கிவிடும். அதே ஈரத்தில் கற்பூரவல்லியின் தண்டு அழுகும். புதினாவுக்குத் தனி டின் கொடுங்கள். துளசி, கற்பூரவல்லி, ஓரத்தில் கயிறு கட்டி ஏற்றிய சங்குப்பூ மூன்றும் ஒன்றாக இருக்கலாம்.

கேள்வி: நர்சரியில் பூத்த நிலையில் வாங்கிய ரோஜா, செம்பருத்தி இதழ்களைச் சாப்பிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வாங்கி வந்தவுடன் கூடாது. அழகுக்காக விற்கும் செடிகளுக்கு என்ன மருந்து, எப்போது அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. இருக்கும் பூவையும் மொட்டையும் கிள்ளி எறியுங்கள். சில மாதங்கள் மருந்தில்லாமல் வளர்த்து, புதுக்கிளையில் வரும் பூவை எடுங்கள். பூக்கடைப் பூ சமையலுக்கு வேண்டவே வேண்டாம்.

தொட்டி அழகாக இருக்கட்டும் என்று அரளியையும் நித்தியகல்யாணியையும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் நஞ்சு. அரளி நஞ்சுக்கு அஞ்சித்தான் 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அந்தப் பூவை நிறுத்தியது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், உண்ணும் பூவும் உண்ணாத பூவும் ஒரே தொட்டியில் இருக்கவே கூடாது.

கேள்வி: சங்குப்பூ விதைப் பாக்கெட் விலை அதிகமாக இருக்கிறதே?
- வாசகி, சேலம்

பதில்: வாங்காதீர்கள். தெருவில் யார் வீட்டு வேலியிலாவது காய்ந்து தொங்கும் நெற்று இரண்டைக் கேட்டு வாங்குங்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் சுமார் இரண்டு மாதத்தில் பூக்கும். ஐந்தாறு நீலப் பூக்களை வெந்நீர் டம்ளரில் போடுங்கள், நீலம் இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதாவாக மாறும்.