மாட்டு டாக்டர் பதில்கள்: புதுக் கிளிக்கு இரண்டாம் கட்டு

காரைக்குடி வட்டாரத்தில் என்னை இன்றும் ‘மாட்டு டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். 31 வருடம் அரசுக் கால்நடை மருந்தகங்களில் மாடு, ஆடு, கோழி பார்த்து ஓய்வு பெற்றவன். பறவை வைத்தியம் பிற்பாடு கற்றுக்கொண்டது. கொஞ்சம் புத்தகத்தில், மீதி பட்டுத் தெளிந்து. இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் ஒரே கிளி மயம். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிகிறது.

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 68 வயது. சென்னையில் இருக்கும் பேரன் விடுமுறைக்கு வரும்போது ஒரு காக்டெயில் கிளி வாங்கி வந்திருக்கிறான். சாம்பல் நிறம், மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தும்முகிறது. வளவில், அதாவது நடு முற்றத்தில், ஏற்கெனவே ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன. துணையாக இருக்கட்டும், அதே கூண்டில் விடுவோம் என்கிறான். என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழு மாதம். கிளியால் காய்ச்சல் வரும், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு ஆச்சி பயமுறுத்துகிறார்கள். கடைக்காரர் தண்ணீரில் கலக்க ஒரு மஞ்சள் பொடி கொடுத்து விட்டிருக்கிறார். கொடுக்கலாமா? தடுப்பூசி ஏதும் உண்டா? (தேவகோட்டை வாசகி)

பதில்: ஆச்சி, அதே கூண்டில் விட வேண்டாம். பேரன் எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம்.

சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் என்னிடம், “தனியாக வைக்க இடம் ஏது டாக்டர், குளியலறையிலா?” என்று கேட்பார்கள். நம் வீடுகளில் அந்தக் கவலை இல்லை. வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், அடுப்படிக்குத் தள்ளி, சன்னல் உள்ள ஓர் அறையாகப் பார்த்து அங்கே கூண்டை வையுங்கள். 30 நாள், முடிந்தால் 45. வளவை ஒட்டிய அறை வேண்டாம், அங்கே எல்லாம் ஒரே காற்றுதான். தினமும் காலையில் முதலில் பழைய பறவைகளுக்குத் தீனி, தண்ணீர் வைத்து முடித்துவிட்டு, அப்புறம் புதுசிடம் போங்கள். போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிண்ணம், துணி எல்லாம் தனித்தனி. இறகையும் அலகையும் அரித்துவிடும் வைரஸ் ஒன்று உண்டு, அதற்கு மருந்தே கிடையாது. அதைச் சுமக்கும் பறவை பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். புதுசுதான் பழசுக்கு நோய் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள், உங்கள் லவ் பேர்ட்ஸிடமிருந்து காக்டெயிலுக்கும் போகலாம்.

அடுத்து, சாப்பிடாதது. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் காது தொங்கும், அசை போடாது, கறவை குறையும், கொட்டிலுக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். கிளி அப்படி இல்லை. கூட்டத்தில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு குறி வைக்கும் என்பதால், உடம்பு முடியாவிட்டாலும் நன்றாக இருப்பதுபோலவே நடிக்கும். உடம்பை உப்ப வைத்துக்கொண்டு, கண் சொருகி, கூண்டின் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். எனவே ஆளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் தீனி வைக்குமுன் ஒரு சிறு டப்பாவில் கிளியை நிறுத்தி எடை பார்த்து, நாள்காட்டித் தாளில் குறித்து வையுங்கள். காக்டெயில் ஏறக்குறைய 80-லிருந்து 110 கிராம் இருக்கும். பத்து கிராம்தானே குறைந்திருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள், அது அதன் உடம்பில் பத்தில் ஒரு பங்கு.

இன்னொன்று, தீனிக் கிண்ணத்தை எடுத்து ஊதிப் பாருங்கள். கிளி தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று நாமும் புதிதாகப் போடாமல் விட்டுவிடுவோம். உமியோடு பட்டினி கிடந்த கிளியை நானே பார்த்திருக்கிறேன். மேலே உமி இல்லாமல் உண்மையிலேயே முழுத் தினையாக இருந்தால், கடையில் என்ன தின்று பழகியது என்று பேரனை விசாரிக்கச் சொல்லுங்கள். அதையே கொடுத்துவிட்டு, மெதுவாக முருங்கைக்கீரை, கேரட், பரங்கி, பப்பாளி என்று மாற்றலாம். வெறும் சூரியகாந்தி விதையில் வளர்கிற கிளிக்கு வைட்டமின் ஏ போதாமல் மூக்கும் தொண்டையும் கெடும். ஒரு நாள் முழுக்க எதையுமே தொடவில்லை என்றால் மறுநாளுக்குத் தள்ளாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள்.

கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். எச்சத்தில் மூன்று இருக்க வேண்டும்: பச்சையாக உருண்ட மலம், வெள்ளைச் சுண்ணாம்புபோல ஒன்று, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். கீரையும் பழமும் தின்ற நாளில் நீர் கூடும், அது பேதி இல்லை. வெள்ளை இருக்க வேண்டிய இடம் பளிச்சென்று பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் ஈரல் கெட்டிருக்கலாம்.

தும்மலுக்கு வருவோம். காக்டெயிலின் இறகிலிருந்து மாவுபோல ஒரு தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று வறட்டுத் தும்மல் சாதாரணம். மூக்குத் துளை ஈரமாக இருந்தாலோ, அதன் மேல் இறகு ஒட்டிக் கிடந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ சாதாரணம் இல்லை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அந்த மாவுத்தூள் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, அதையும் கவனியுங்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னது பொய் இல்லை. சிட்டகோசிஸ் என்று ஒரு காய்ச்சல் உண்டு. 1929-30-ல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிப் போன கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி உயிர்களை வாங்கியது. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், உடம்பு வலி. அன்றைக்கு மருந்து இல்லை, இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் கடுமையாக இருக்கும், அவர்களுக்கு மருந்தையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மகள் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டாம், அந்த அறைக்குள் போகவும் வேண்டாம். அவளுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ காய்ச்சல் வந்தால், வீட்டில் புதுக் கிளி இருக்கிறது என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்வோம் என்று இருக்காதீர்கள், கேட்கத் தோன்றாது.

எச்சத்தை விளக்குமாறால் கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் சிரமமே இல்லை. இதைச் சொல்லும்போது ஒன்று தோன்றுகிறது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டை முன்னோருக்குப் படைக்கும் ஒரு படைப்புக்காகவோ கல்யாணத்துக்காகவோ திறக்கிறோம். உத்தரத்தில் அடைந்த புறாக்களின் எச்சத்தை மூக்கைக்கூட மூடாமல் கூட்டிக் கூட்டித் தள்ளுகிறோம். அதே கிருமி புறாவிடமும் உண்டு. அதற்கு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை, நூறு கிராம் கிளிக்குப் பயப்படுகிறோம்.

மஞ்சள் பொடியைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். தண்ணீர் கசந்தால் கிளி குடிப்பதைக் குறைத்துவிடும், உள்ளே போகும் மருந்து நோயைக் கொல்லவும் போதாது. நோய் உறுதியானால் கிளிக்கு வைத்தியம் 45 நாள் வரை போகும், மூன்று நாள் பொடியில் தீராது. கிளிகளுக்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசி என்று நம் ஊரில் எதுவும் இல்லை. நாய்க்குட்டிபோல ஊசி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, அதனால்தான் இந்தத் தனி அறை, தராசு எல்லாம்.

நான்கு நாளாகச் சரியாகத் தின்னாமல் தும்மவும் செய்கிறது என்பதால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். நாளைக் காலையிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கூண்டின் அடித்தாளை மாற்றாமல் அப்படியே கொண்டு போங்கள். உள்ளூரில் பறவை பார்ப்பவர் இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூண்டின்மேல் ஒரு துணி போட்டு, வழியில் ஏசிக் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கும்போது அழகான பித்தளைக் கூண்டு ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்து வேலைப்பாடு. புளி போட்டுத் தேய்த்துத் தங்கம்போல ஆக்கிவிட்டேன். அதற்கேற்ற கிளி வாங்கலாம் என்றிருக்கிறேன். (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: கூண்டுக்காகக் கிளி தேடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். கூண்டை முகப்பில் தொங்கவிட்டு உள்ளே ஒரு கொடி வளருங்கள், அழகாக இருக்கும். கிளியை விடாதீர்கள். கிளிக்குக் கம்பியை நாள் முழுக்கக் கடிக்கிற பழக்கம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். களிம்பும் துத்தநாகமும் வயிற்றில் சேர்ந்தால் வாந்தி, சோர்வு, சில நேரம் வலிப்பு. புளி போட்டால் பளபளப்பு வரும், உலோகம் மாறாது. பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் ஈயமும் இருக்கலாம், அது இன்னும் மோசம். மலிவான ஜி.ஐ. கம்பிக் கூண்டிலும் மேலே இருப்பது துத்தநாகப் பூச்சுதான். எவர்சில்வர் கூண்டு வாங்குங்கள், கம்பிக்குக் கம்பி அரை அங்குலம். உள்ளே வழுவழு உருளைக் கட்டைக்குப் பதில் கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ கட்டினால் கால் புண்ணாகாது.

கேள்வி: புது லவ் பேர்ட்ஸ் வாங்கியிருக்கிறோம். அடுப்படி வாசலில் கூண்டு. தாளிக்கிற நெடி ஒத்துக்கொள்ளுமா? மிளகாய் கொடுக்கலாமா? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: மிளகாய் கொடுங்கள் ஆச்சி, பறவைகளுக்குக் காரம் உறைக்காது. நம் நாக்கில் மிளகாய் மூட்டுகிற தீ அவற்றிடம் பற்றாது.

கூண்டை மட்டும் இன்றைக்கே அடுப்படி வாசலிலிருந்து எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு வருடம் முன்பு என் வீட்டிலும் கூண்டு அதே இடத்தில்தான் இருந்தது. ஒரு கார்த்திகை மாதக் காலை, வீட்டுக்காரம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பணியாரம் ஊற்றி வைப்போமே என்று நான்ஸ்டிக் குழிப்பணியாரச் சட்டியை அடுப்பில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து போன். பக்கத்துக் கிராமத்தில் ஒரு மாடு கன்று போட முடியாமல் திணறுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று திண்ணையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். சட்டி வெறுமனே காய்ந்தது. திரும்பி வந்தபோது லேசாக ஒரு வாடை, அவ்வளவுதான், எனக்கு இருமல்கூட வரவில்லை. கால் மணி நேரத்தில் இரண்டு பறவையும் கூண்டின் அடியில். நானே அறுத்துப் பார்த்தேன், நுரையீரல் முழுக்க ரத்தம்.

கன்று பிழைத்தது. நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற புகை பறவையைக் கொல்லும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் படித்த காலத்தில் பறவை என்றால் கோழிதான், கோழி அடுப்படியில் இருக்காது. பறவையின் உடம்பில் நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலில் புதுக் காற்று ஓடும். பறக்க அது வேண்டும், ஆனால் விஷம் வந்தால் அதுவும் அதே வேகத்தில் ஏறும். இரும்புச் சட்டிக்கு மாறிவிட்டோம், பணியாரமும் அதில்தான் நன்றாக வருகிறது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவர்த்தி, வாசனை ஸ்பிரே எதுவும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம்.

கேள்வி: டாக்டர் ஐயா, காற்றில் பட்ட பனை முறிந்து பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று விழுந்து கிடந்தது. இறகு முளைத்திருக்கிறது. பாலும் சோறும் கொடுக்கிறேன். கழுத்தில் வளையம் வரும்வரை வளர்க்கலாமா? (கோட்டையூர், ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

பதில்: தம்பி, பாலை முதலில் நிறுத்து. தாய்ப்பால் குடித்து வளரும் உயிர் இல்லை கிளி, பால் அதற்குச் செரிக்காது. கோயில் சிற்பத்தில் அம்மன் கையில் இருப்பதும் பச்சைக்கிளிதான், கிளி ஜோசியக்காரர் பெட்டியில் இருந்ததும் அதுதான். ஆனால் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். 2022-ல் திருத்தியபோது, பாதுகாக்கப்பட்ட உயிர்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். மேலே ஆச்சி வீட்டுக்கு வந்த காக்டெயில் வெளிநாட்டு இனம், அதற்கு இந்தத் தடை கிடையாது. சன் கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

குஞ்சுக்குக் காயம் இல்லையென்றால், ஓட்டை போட்ட ஓலைப்பெட்டியில் வைத்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்து மரத்தில் பூனை எட்டாத உயரத்தில் கட்டு. நீயே ஏறாதே, பெரியவர் ஒருவரை ஏறச் சொல். தாய்க்கிளி சத்தம் கேட்டு வந்து ஊட்டும். கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பதை நம்பாதே. தள்ளி நின்று பார். பொழுது சாய்வதற்குள் வரவில்லை என்றாலோ, இறக்கை தொங்கினாலோ, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போ. திட்டுவார்கள் என்று பயந்து வீட்டில் ஒளித்து வைக்காதே, நீ திருடவில்லை. போகும்போது பெட்டியில் ஒரு பழைய துணி போட்டுக்கொள், சூடு வேண்டும் அதற்கு.