டெட் ஹீத் யார்? பிரிட்டனின் முக்கியமான பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் இசைக்குழு) தலைவர் என்று அவரை ஏன் சொல்கிறார்கள்?

முதலில், 1970இல் பிரிட்டிஷ் பிரதமரான எட்வர்ட் ஹீத் வேறு ஆள். அவரையும் 'டெட்' என்பார்கள், அவருக்கும் இசை தெரியும் என்பதால் இணையத்தில் தேடினால் இருவரும் கலந்தே வருவார்கள். நீங்கள் கேட்பவர் டிரம்போன் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்த கலைஞர்; 1902இல் லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் பிறந்தவர்.

முதல் உலகப்போருக்குப் பிறகு கையில் காசில்லாமல் லண்டன் தெருக்களில் சகோதரரோடும் வேறு சில கலைஞர்களோடும் வாசித்துப் பிழைத்திருக்கிறார். அப்புறம் ஜாக் ஹில்டன், ஆம்ப்ரோஸ், ஜெரால்டோ என்று அடுத்தவர் குழுக்களிலேயே காலம் போயிற்று. சொந்தக் குழு அமைத்தது 1944இல், 42 வயதில். மனைவி மொய்ராவுடன் சேர்ந்து எழுதிய ஒரு பாடலுக்கு வந்த ராயல்டிதான் அதற்குக் கைகொடுத்தது.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஜோடிகள் ஆடுவதற்குத்தான் இத்தகைய குழுக்கள் வாசிக்கும். ஹீத் லண்டன் பலேடியம் அரங்கில் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகள் வைத்து, ஜனங்களை உட்கார்ந்து கேட்க வைத்தார். 1945இல் தொடங்கியது பத்து வருடம் ஓடியது. டிக்கி வாலன்டைன், லீட்டா ரோசா போன்ற பாடகர்கள் பெயர் வாங்கியது இந்தக் குழுவில் பாடித்தான். இசை சற்று அதிகமாகவே இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும் என்று சில ஜாஸ் ரசிகர்கள் குறை சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு.

என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் பெரிய வருடம் 1956. இரு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களுக்கும் இடையிலான தகராறால், அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் வாசிக்க இருபது வருடமாக வழியில்லை. கடைசியில் பண்டமாற்று முறையில் ஓர் ஒப்பந்தம்: ஸ்டான் கென்டன் குழு பிரிட்டனுக்கு வந்தது, ஹீத் குழு அமெரிக்கா போனது. அங்கே கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலுடன் தென் மாநிலங்களில் சுற்றுப்பயணம். ஏப்ரல் 10 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில், பாடிக்கொண்டிருந்த கோலை மேடையேறி வந்து தாக்கினார்கள் வெள்ளை இனவெறியர்கள். ஹீத்தின் ஆட்கள் அந்த மேடையில்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மே 1 அன்று அதே குழு நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்தது.

ராக் அண்ட் ரோல் வந்ததும் பிக் பேண்ட் கச்சேரிகளுக்குக் கிராக்கி குறைந்தது. டெக்கா நிறுவனத்துக்கான ஒலிப்பதிவுகள் தொடர்ந்தன. ஹீத் 1969இல் காலமானார். பின்னாளில் டிரம்போன் கலைஞர் டான் லஷர் தலைமையில் குழு 2000 வரை வாசித்தது.

கேட்டுப் பார்க்க நினைத்தால் கார்னகி ஹால் பதிவிலிருந்து தொடங்குங்கள். அந்த 'இஸ்திரி' அதில் குறைவு.