பத்து நிமிடத்தில் கேம் வேகம் சரிவது: பிராசஸர் சூட்டைப் பாருங்கள்

கேம் வேகம் சரிகிறது என்பதற்காகப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு (திரையில் படத்தை உருவாக்கும் அட்டை) வாங்க வேண்டாம். உங்கள் பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்றே கருதுகிறேன். முதல் பத்து நிமிடம் நொடிக்கு 60 ஃபிரேம் வந்து, பிறகு 25-க்கு இறங்கி, படத்தின் தரத்தைக் குறைத்தும் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டு திணறியிருந்தால் தரத்தைக் குறைத்ததும் ஓரளவாவது ஏறியிருக்கும்.

உங்கள் காரைக்குடி வீட்டின் முகப்பில் சிபியூ பெட்டி தரையிலேயே இருக்கிறது என்பதுதான் என் ஐயத்தை வலுப்படுத்துகிறது. ஆத்தங்குடிக் கல் காலுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் வாசலிலிருந்து வரும் செம்மண் புழுதி, பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே கம்பளம்போல் அடைத்துக்கொண்டால், விசிறி எவ்வளவு இரைந்து சுற்றினாலும் காற்று ஊடுருவாது.

வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளை ஓடவிட்டுக் கேமைத் தொடங்குங்கள். பிராசஸரின் வெப்பம் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் அதே வேளையில் அதன் கிளாக் வேகம் (அது இயங்கும் வேகம்) சரிந்தால் காரணம் உறுதி. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடும். அதற்கும் சூடு தணியாவிட்டால் பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

வெப்பம் 75-ஐத் தாண்டாமலே வேகம் சரிந்தால் தூசியைக் குறை சொல்ல இயலாது. அப்போது பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஏதும் ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்து, இங்கே எழுதுங்கள்.