24 மணி டயல் வாட்ச்: பணம் கொடுக்கும் முன் 12 சுற்று

கேள்வி: ரயில்வே வேலை என்பதால் 24 மணிக் கணக்கு எனக்குப் பழக்கம். 1962-இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர் விண்வெளிக்குக் கட்டிக்கொண்டு போன 24 மணி வாட்ச் பிரைட்லிங் காஸ்மோனாட், 2022-இல் மறுபடி வெளியானதே, அதில் ஒன்றை வேலூரில் ஒருவர் கைமாற்றாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (காட்பாடி வாசகர்)

பதில்: பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2022-இல் வந்தவை மொத்தமே 362.

வாட்ச் கைக்கு வந்ததும் சாவிக் குமிழை இழுத்து, பெரிய முள்ளை 12 முழுச் சுற்று சுற்றுங்கள். 24 மணி டயலில் சின்ன முள் நாளுக்கு ஒரே சுற்றுதான் என்பதால், அது அரை வட்டம்தான் நகர வேண்டும். முழு வட்டம் வந்துவிட்டால் உள்ளே இருப்பது சாதாரண 12 மணி மெஷின். டயலை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். மலிவுப் போலிகள் இங்கேயே மாட்டும். தேறிவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, அடுத்து பின்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். இது கையால் சாவி கொடுக்கும் மெஷின். அரைவட்டத் தகடு ஒன்று உள்ளே ஆடினால் அது ஆட்டோமேட்டிக், அதாவது வேறு வாட்ச். இதில் உள்ள ஸ்டாப் வாட்சை ஓடவிட்டு நிறுத்தி, ரீசெட் அழுத்துங்கள். முட்கள் பூஜ்யத்தில் நேராக நிற்க வேண்டும். கேஸில் (வாட்சின் உலோகக் கூட்டில்) பொறித்த சீரியல் எண்ணும் வாரண்டி கார்டில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காட்டிய பிறகே பணம்.

கேள்வி: தினமும் கட்ட முடியுமா?

பதில்: ரயில் அட்டவணை படிப்பவருக்கும் முதலில் தடுமாறும். சின்ன முள் மணிக்கு 15 டிகிரிதான் நகரும். நண்பகல் 12 டயலின் அடியில் இருக்கும். வழக்கமான வாட்சில் 9 இருக்கும் இடத்தில் இங்கே 18, அதாவது மாலை ஆறு. 17:50-ஐ 18:50 என்று படிப்பதுதான் அடிக்கடி நேரும் பிழை.

தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். கார்பென்டரின் வாட்சே கடலில் இறங்கியபோது உப்புநீர் புகுந்து கெட்டது. மறுவெளியீட்டுக்கும் 3 பார் (நீர் அழுத்த அளவு) தாக்குப்பிடிப்புதான்: கை கழுவலாம், குளிக்கக் கூடாது. வேலூர் சித்திரை வெயிலில் தோல் பட்டை வியர்வையில் ஊறி நாறும். மாற்றுத் தோல் பட்டை வாங்க ஆம்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, அசல் பட்டையைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு விற்கும்போது அதற்கும் விலை உண்டு.

கேள்வி: ஏமாந்தால்?

பதில்: தனிநபர் தன் சொந்தப் பொருளை விற்றால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்காது, காவல் நிலையம், சிவில் கோர்ட் என்று அலைய வேண்டும். கடையில் பில் போட்டு வாங்கினால் கதை வேறு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். சரிவராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போட சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வந்த வாட்ச் என்றால் சுங்க வரி ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.