ராஜினாமாவில் கையெழுத்து வேண்டாம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் உங்கள் தங்கை, ஐந்து மாதக் கர்ப்பம் என்று தெரிந்ததும் ராஜினாமா கேட்கிறார்கள் என்றீர்கள். கையெழுத்துப் போட விடாதீர்கள், சகோதரி. "பிரசவம் முடிந்து வா, சேர்த்துக்கொள்கிறோம்" என்று இனிக்க இனிக்கத்தான் பேசுவார்கள். தானாக நின்றதாகத் தாளில் ஏறிவிட்டால் பிறகு வாதாடுவது பெரும்பாடு.

முதலில் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) மொத்தம் 70 நாள் சந்தா சேர்ந்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுக் கூலி அளவில் பணம் கிடைக்கும். தருவது ஈ.எஸ்.ஐ. கழகம், கம்பெனி அல்ல. அப்படியிருக்க, "கட்டுப்படியாகாது" என்று கர்ப்பிணியை விரட்டுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

பிடித்தமே இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு நகல்களை இன்றே வீட்டில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.